மெண்டிஸ் தைலம்: கிளியோபாட்ரா காலத்து நறுமணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நூற்றாண்டு ஒன்றின் பெயரைச் சூட்டி, சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் தயாரித்து விற்கும் வாசனைத் திரவியங்களுக்கு இன்று பல நாடுகளிலும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அத்தகைய நறுமணங்களுள் எழுத்துச் சான்றும் அகழாய்வுச் சான்றும் ஒருசேர வாய்த்தவை மிகச் சில. எகிப்தின் மெண்டிஸ் தைலம் அந்தச் சிலவற்றுள் ஒன்று. அதைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மெண்டிஸ் தைலம் என்பது என்ன?

மெண்டிஸ் என்பது நைல் நதிக் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியில், இன்றைய மன்சூரா நகரத்துக்கு அருகே, ஆட்டுக்கடா வடிவில் வணங்கப்பட்ட கடவுளின் கோயிலைச் சுற்றிச் செழித்திருந்த பழைய நகரம். அங்கிருந்து கப்பலேறிய நறுமணத் தைலம் கிரேக்க, ரோமானிய உலகில் அந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டது. மதுரை மல்லி என்னும்போது ஊரும் பூவும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுவதைப் போன்றது அது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த ரோமானிய அறிஞர் பிளினி, பழங்காலத்தில் டெலோஸ் தீவின் தைலமே மிகவும் புகழப்பட்டதென்றும், பின்னர் அந்தப் புகழ் மெண்டிஸுக்குச் சென்றதென்றும் எழுதியிருக்கிறார். நைலின் கிளை ஒன்று திசைமாறியபோது மெண்டிஸ் தேய்ந்தது. அருகிலிருந்த இரட்டை நகரமான த்மூயிஸ் வளர்ந்தது. இன்று தொல்லியலாளர்கள் டெல் திமாய் என்று குறிப்பிடும் மண்மேடு அந்த த்மூயிஸ்தான்.

அதில் என்னென்ன சேர்ந்தன?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடஸ், பலனோஸ் எண்ணெய், வெள்ளைப்போளம், காசியா என்னும் பட்டை, பிசின் ஆகிய நான்கையும் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ அதே காலத்தவரான பிளினியின் பட்டியலில் எண்ணெயும் பிசினும் வெள்ளைப்போளமும் மட்டுமே உள்ளன, பட்டை இல்லை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இருவர் ஒரே தைலத்துக்கு வெவ்வேறு சேர்க்கை கூறுவதை முரண்பாடாக நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் சாம்பார் வைத்தாலும் வீட்டுக்கு வீடு பொடி வேறுபடுவதைப் போல, மெண்டிஸ் என்ற பெயரின்கீழ் பல பட்டறைகள் பல விதமாகத் தயாரித்திருக்க வேண்டும் என்பதே இயல்பான முடிவு.

வெள்ளைப்போளம் என்பது ஆப்பிரிக்காவின் கொம்பு முனையிலும் தென் அரேபியாவிலும் வளரும் முள்மரத்தின் பிசின். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் அதே பெயரில் கிடைக்கிறது. கசப்பும் மண்வாசனையும் மெல்லிய இனிப்பும் கலந்த மணம் அதனுடையது. காசியா என்பதைப் பொதுவாக, மளிகைக் கடையில் வெறுமனே பட்டை என்று விற்கப்படும் தடித்த வகையோடு ஒப்பிடுகிறார்கள். இலங்கையின் மெல்லிய சுருள் கறுவா இதிலிருந்து வேறுபட்டது. ஆயினும், பழைய கிரேக்க நூல்களின் காசியாவும் இன்றைய தாவரவியலின் காசியாவும் ஒன்றுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பலனோஸ் எண்ணெய் என்பது எந்த எண்ணெய்?

இதற்கு இரண்டு மரங்கள் போட்டியிடுகின்றன. ஒன்று, பாலைவனப் பேரீச்சை என்று அழைக்கப்படும் பலனைட்டிஸ். தமிழ்நாட்டில் நஞ்சுண்டான் என்று அறியப்படும் முள்மரம் இதே இனத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, அரேபியாவிலும் எகிப்தின் கிழக்குப் பாலையிலும் வளரும் காட்டு முருங்கை. அது நம் கொல்லை முருங்கையின் நெருங்கிய உறவினம். அந்த இனத்துக்கு அறிவியல் உலகம் இட்டிருக்கும் மோரிங்கா என்ற பெயரே நம் முருங்கை என்ற சொல்லின் வழியாக வந்தது என்பதை இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன்.

எந்த மரமாயினும், அதன் எண்ணெயைத் தேர்ந்ததற்கான காரணம் தெளிவாக இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃபிராஸ்டஸ் நறுமணங்களைப் பற்றித் தனியாக எழுதிய நூலில், எகிப்து, சிரியா நாடுகளின் பலனோஸ் எண்ணெயே பிசுக்கு மிகக் குறைந்தது என்பதால் பெரிதும் பயன்படுகிறது என்கிறார். அது எளிதில் சிக்குப் பிடிப்பதும் இல்லை. சிக்கு வாடை பிடிக்காத எண்ணெய் இல்லாமல், கடல் கடந்து விற்கத்தக்க தைலத்தை எவராலும் செய்திருக்க முடியாது.

இன்றைய செண்டிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

இன்று நாம் தெளித்துக்கொள்ளும் செண்டில் பெரும்பகுதி ஆல்கஹால். அது உடலில் பட்டவுடன் ஆவியாகி, நறுமணத்தைச் சுற்றிலும் வீசியெறிகிறது. வாசனைப் பொருளை ஆல்கஹாலில் கரைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. கிளியோபாட்ராவின் காலத்தில் நறுமணம் என்றால் எண்ணெய் அல்லது கொழுப்பு; அது விரலால் எடுத்துத் தடவப்பட்டது; தோலோடு ஒட்டிக்கொண்டு, உடற்சூட்டில் மெல்ல மெல்லத் தன்னை வெளியிட்டது. எனவே அதன் மணம் அறை முழுவதும் பரவுவதில்லை. அருகில் வருபவருக்கு மட்டுமே எட்டுகிறது. தைலம் என்ற சொல்லைத் தமிழில் கைவசம் வைத்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியாக இராது. இதைப் பெர்ஃப்யூம் என்று அழைக்கும்போதுதான் புரிதல் பிசகுகிறது.

பொருள்களின் பட்டியல் கிடைத்துவிட்ட பிறகு, அப்படியே மீண்டும் தயாரிப்பதில் என்ன சிக்கல்?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் பழங்கால நறுமணம் பற்றிய பேச்சு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. நான்கு பெயர்கள் மட்டும் ஒரு தைலத்தைத் தந்துவிடுவதில்லை. பட்டையைப் பொடித்துப் போட்டார்களா, துண்டாகப் போட்டார்களா, வெள்ளைப்போளத்தை எந்தக் கட்டத்தில் சேர்த்தார்கள், எத்தனை நாள் காய்ச்சினார்கள், எத்தனை நாள் ஊறவிட்டார்கள் என்பவற்றையெல்லாம் பட்டறைக்காரர்கள் ஏட்டில் எழுதவில்லை; தங்கள் கைகளில் வைத்திருந்தார்கள். நம் சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுவோர் மெழுகுப் பதம், மணல் பதம் என்று சொல்வதைக் கேட்டிருப்பவர்களுக்கு, பதம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை ஆண்டுப் பயிற்சி அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

இருந்தபோதிலும், சிதறிய குறிப்புகள் வியக்கத்தக்க அளவு உதவுகின்றன. எண்ணெயை முதலில் துவர்ப்புள்ள பொருள்களோடு பக்குவப்படுத்தி, அதன்பிறகே முதன்மையான நறுமணப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்பது அக்காலத்துப் பொது விதி. அவ்வாறு பக்குவப்பட்ட எண்ணெய் மணத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பினார்கள். கலத்தை நேராகத் தீயில் வைக்காமல் நீரில் நிறுத்திச் சூடாக்க வேண்டும், இல்லையெனில் கருகல் வாடை ஏறிவிடும் என்று தியோஃபிராஸ்டஸ் விளக்குகிறார். அவர் சொல்லும் இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது: கடைசியாகச் சேர்க்கப்படும் பொருளே, அளவில் சிறிதாக இருந்தாலும், மற்ற எல்லாவற்றையும் மீறி நிற்கும். பெருமளவு வெள்ளைப்போளம் இட்ட எண்ணெயில் பின்னர் மிகச் சிறிதளவு கறுவாவைச் சேர்த்தாலும் கறுவாவே முன்னே நிற்கும் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

இதோடு டயாஸ்கோரிடஸின் குறிப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெண்டிஸ் தைலத்தில் சிலர் பொருள்களை நிறுத்துப் போட்ட பின் சிறிது கறுவாவைச் சேர்ப்பதாகவும், அது வீண் வேலை என்றும், ஒன்றாகச் சேர்ந்து கொதிக்காத பொருள்கள் தம் ஆற்றலை வெளிவிடுவதில்லை என்றும் அவர் கண்டிக்கிறார். கடைசியில் சேர்ப்பது வெல்லும் என்கிறார் ஒருவர். கடைசியில் சேர்ப்பது பயனற்றது என்கிறார் மற்றவர். இருவருக்குமிடையே ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. தியோஃபிராஸ்டஸ் மணத்தை எண்ணிப் பேசுகிறார் என்றும், மருத்துவரான டயாஸ்கோரிடஸ் மருந்தின் வீரியத்தை எண்ணிப் பேசுகிறார் என்றும் நான் புரிந்துகொள்கிறேன். மறுஉருவாக்கம் செய்ய முனைபவர் எவரும் இந்த இடத்தில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். அந்தத் தேர்வு தைலத்தின் முகத்தையே மாற்றிவிடும்.

அகழாய்வில் கிடைத்தது என்ன? தைலத்தை மீண்டும் தயாரித்தவர்கள் யார்?

டெல் திமாயில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் சார்பில் ராபர்ட் லிட்மன், ஜே சில்வர்ஸ்டீன் ஆகியோர் 2009 முதல் அகழாய்வு நடத்தினர். நறுமணத் தைல வணிகர் ஒருவருடையதாக இருக்கலாம் என்று கருதப்படும் இடம் 2012-இல் அங்கே வெளிப்பட்டது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய சூளைகளும் தைலம் நிரப்புவதற்கான மண்கலங்களும் அப்பகுதியின் தொழிலுக்குச் சான்றாக நின்றன. கலங்களில் மணம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. படிந்திருந்த எச்சம் மட்டுமே ஆய்வுக்குக் கிடைத்தது.

மண்ணில் கிடைத்தவற்றை ஏட்டில் உள்ளவற்றோடு இணைக்கும் பணியைப் பண்டைய எகிப்தின் மணங்களை ஆராயும் டோரா கோல்ட்ஸ்மித்தும், கிரேக்க மருத்துவ, அறிவியல் நூல்களை ஆராயும் ஷான் கோக்லினும் மேற்கொண்டார்கள். டயாஸ்கோரிடஸ் முதலானோரின் குறிப்புகளைக்கொண்டு அவர்கள் தயாரித்த தைலம், 2019-இல் வாஷிங்டனிலுள்ள நேஷனல் ஜியாகிரஃபிக் அருங்காட்சியகத்தில் எகிப்திய அரசியரைப் பற்றிய கண்காட்சியில் இடம்பெற்றது. வந்தவர்கள் அதை முகர்ந்து பார்த்தார்கள். ஆய்வின் விவரங்கள் 2021-இல் கட்டுரையாக வெளியாயின. அந்த ஆய்வுக் கட்டுரையின் வழியாகத்தான் நானும் இந்தத் தைலத்துக்குள் நுழைந்தேன்.

கிளியோபாட்ரா உண்மையிலேயே இதைப் பூசினாரா?

கி.மு. 69 முதல் 30 வரை வாழ்ந்த ஏழாம் கிளியோபாட்ரா இந்தத் தைலத்தைப் பயன்படுத்தியதாகக் கூறும் நேரடிச் சான்று கிடையாது. அவர் ஆண்ட நாட்டில் அவர் காலத்தில் புகழின் உச்சியிலிருந்த தைலம் இது என்பதே சொல்லத்தக்கது. கி.மு. 41-இல் தார்சுஸ் நகரத்துக்கு ஆற்றின் வழியே படகில் சென்று ரோமானியத் தலைவர் ஆண்டனியைச் சந்தித்தபோது, ஏராளமான நறும்புகையின் மணம் இரு கரைகளிலும் பரவியதாகக் கிரேக்க வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடுவது தூபத்தை. உடலில் பூசிய தைலத்தை அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது நல்லது. எட்ஃபு கோயிலின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள புகழ்பெற்ற கைஃபி செய்முறையும் தூபத்துக்கானதே.

அதன் மணம் எப்படி இருக்கும்?

மறுஉருவாக்கப்பட்ட தைலம் கெட்டியாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதாகவும், காரமும் இனிப்பும் கலந்து நெடுநேரம் நிற்பதாகவும் அதைச் செய்தவர்கள் விவரித்திருக்கிறார்கள். பூவின் மென்மையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். மசாலாப் பெட்டியையும் பழைய மரத்தையும் கோயில் கருவறைக்கு அருகிலான காற்றையும் ஒருசேர எண்ணிக்கொண்டால் ஓரளவு நெருங்கலாம்.

இது பெண்களுக்கானதா, ஆண்களுக்கானதா?

ரோஜாத் தைலமும் மருதாணிப் பூத்தைலமும் இலேசானவை என்பதால் ஆண்களுக்கு ஏற்றவை என்றும், வெள்ளைப்போளமும் எகிப்தியத் தைலமும் போன்ற கனமானவை நீடித்து நிற்பதால் பெண்களுக்கு ஏற்றவை என்றும் தியோஃபிராஸ்டஸ் வகுக்கிறார். இன்றைய கடைகளின் பிரிப்பு இதற்கு நேர் எதிரானது. ஆகவே விரும்பியவர் பூசிக்கொள்ளலாம்.

அக்காலத்தில் அதன் விலை எவ்வளவு?

மெண்டிஸ் தைலத்துக்கெனத் தனியான விலையை நான் எங்கும் எடுத்தாள மாட்டேன். ஆனால் சில நறுமணத் தைலங்கள் ஒரு ராத்தலுக்கு 400 தினாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசுகளுக்கும் மேல் விற்றதாகப் பிளினி பதிவு செய்கிறார். முத்தும் மணியும் வாரிசுக்குச் சேரும், ஆடை சில காலம் உழைக்கும், நறுமணமோ பிறந்த பொழுதிலேயே மடிகிறது என்று அவர் கடிந்துகொள்கிறார். அந்தக் கண்டிப்பில் எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும், அவ்வளவு வெறுத்தவர்தான் இத்தனை செய்முறைகளை நமக்காக எழுதிவைத்திருக்கிறார் என்பதால் அவர்மீது நன்றியே மிகுகிறது.

தமிழகத்துக்கும் இந்தத் தைலத்துக்கும் தொடர்பு உண்டா?

பட்டை என்றவுடன் முசிறியை நினைத்துக்கொள்வது நமக்கு இயல்பு. ஆனால் செங்கடல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தைத் துறைமுகம் துறைமுகமாக விவரிக்கும் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வழிகாட்டி நூல், காசியாவை இன்றைய சோமாலியக் கரையின் ஏற்றுமதியாகவே குறிக்கிறது. முசிறிப் பகுதியிலிருந்து சென்றவையாக அது சொல்வது மிளகு, இலவங்கப் பத்திரி, கங்கைப் பகுதியின் சடாமாஞ்சில் முதலானவற்றை. எனவே மெண்டிஸ் தைலத்தின் பட்டை நம் கரையிலிருந்து போனது என்று உரிமை கொண்டாடுவதற்கு அடிப்படையில்லை. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் 7.55 கிலோ மிளகு நிரம்பிய சாடியும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்திருப்பது, தமிழர் எகிப்து வரை சென்றதற்குச் சான்று. இந்தத் தைலத்துக்குச் சான்று அன்று.

மெய்யான நறுமணத் தொடர்பு வேறோர் இடத்தில் கிடைத்திருக்கிறது. ஸ்பெயினின் கார்மோனா நகரில் 2019-இல் வீடொன்றைப் புதுப்பிக்கும்போது ரோமானியர் காலக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்த ஒரு பெண்ணின் அஸ்திக் கலத்துக்குள், படிகக் கல்லில் குடைந்த சிறு குப்பி ஒன்று, தாரால் மூடப்பட்டு, உள்ளே கெட்டிப்பட்ட எச்சத்தோடு இருந்தது. கோர்டோபா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது தாவர எண்ணெயில் கலந்த பச்சௌலி. பச்சௌலி தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் வளரும் நறுமணச் செடி. அதன் பெயரை ஆங்கில அகராதிகள் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததாகவே காட்டுகின்றன, பச்சை இலை என்பது அதன் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்பெயினில் இறந்த ஒரு பெண்ணோடு அந்த இலையின் மணம் வைக்கப்பட்டிருந்தது என்பதை முதன்முறை வாசித்த நாளில் நெடுநேரம் வேறு வேலை எனக்கு ஓடவில்லை.

கடைகளில் வரலாற்றுக் காலத்தின் பெயரோடு விற்கப்படும் திரவியங்களை நம்பலாமா?

அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கப் பரிந்துரைப்பேன். முதலாவது, சான்றைப் பின்பற்றி மீட்டெடுக்க முயல்வது. பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் வாசனைத் திரவியக்காரரான ழான்-லூயி ஃபார்ழோன் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் எலிசபெத் த ஃபெதோவோடு இணைந்து, வாசனைத் திரவியக் கலைஞர் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் 2000-களின் நடுவில் வெர்சாய் அரண்மனைக்காக உருவாக்கிய திரவியம் இத்தகையது. இரண்டாவது, ஒரு காலத்தை எண்ணிப் படைப்பது. பார்ஃபாம் தாம்பீர் என்ற பிரெஞ்சு நிறுவனம் அலெக்சாந்தரை நினைத்துச் செய்த இஸ்கந்தர் அத்தகைய கற்பனை; அலெக்சாந்தர் பூசிய தைலம் என்று அதை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாம் வகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரண்டாம் வகையை முதல் வகையாகக் காட்டி விற்பதைத்தான் ஏற்க முடியாது. விற்பவரிடம் எந்த நூலை ஆதாரமாகக் கொண்டீர்கள், எண்ணெயா ஆல்கஹாலா, எந்த இடத்தில் ஊகித்தீர்கள் என்று கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் கடைசிக் கேள்விக்குத்தான் மிக நீளமாகப் பதில் சொல்வார்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

சிறு அளவில் செய்து பார்க்கலாம், நானும் செய்தேன். பலனோஸ் எண்ணெய்க்கு மாற்றாக, செக்கில் ஆட்டிய முருங்கை விதை எண்ணெயை எடுத்துக்கொண்டேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சம அளவு எண்ணெய் விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, ஒன்றில் பட்டையை முதலிலும் வெள்ளைப்போளத்தைப் பிறகும், மற்றதில் வரிசையை மாற்றியும் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து முகர்ந்தபோது இரண்டும் வேறு வேறு தைலங்களாக இருந்தன. என் மூக்கு தியோஃபிராஸ்டஸின் பக்கம் நின்றது. வெள்ளைப்போளத்தில் நீரில் கரையும் கோந்து கணிசமாக உள்ளதால் எண்ணெயில் அது முழுமையாகக் கரையாது. அடியில் தங்கும் வண்டலை மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டையிலுள்ள சின்னமால்டிஹைட் பலருடைய தோலில் எரிச்சலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். இன்றைய வாசனைத் தொழிலில் அதன் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே வேறு இடத்தில் பூச வேண்டும். முகத்தில் பூசவே வேண்டாம்.

எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்?

வெயில் படாத இடத்தில், நன்கு மூடிய கலத்தில் வைக்க வேண்டும். நறுமணத் தைலங்கள் வெண்சலவைக்கல் குப்பிகளில்தான் சிறப்பாக நிற்கும் என்றும், கதிரொளி அவற்றைக் கெடுக்கும் என்றும் பிளினி சொல்கிறார். தன் கடையில் எகிப்தியத் தைலத்தை எட்டு ஆண்டுகள் வைத்திருந்ததாகவும், அது புதியதைவிட மேலாக இருந்ததாகவும் ஒரு வாசனை வணிகர் கூறியதைத் தியோஃபிராஸ்டஸ் எடுத்துரைக்கிறார். என் அலமாரியிலுள்ள குப்பிக்கு இப்போது மூன்றாம் ஆண்டு நடக்கிறது. பட்டையின் காரம் ஓரளவு தணிந்து, வெள்ளைப்போளத்தின் கசப்பு முன்னே வந்திருக்கிறது.